நெற்றிக்குப் பின்னால்

“இருநூறு பேர் முன்னால என்னைத் ‘திருட்டு நாயே’ன்னு கூப்பிட்டாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

மேனேஜர் விசாரணை மேஜையைத் தட்டினார்.

“கூப்பிட்டேன்,” என்றான் எதிரே நின்ற தொழிலாளி. “இப்பவும் கூப்பிடுவேன். உங்க தலையில இருக்கற முடிகூட உங்களோடது இல்லை.”

ஜன்னலுக்கு வெளியே நின்ற தொழிலாளர்கள் சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

ஆலையில் அவனுக்குப் ‘பூட்டு’ என்று பெயர். பன்னிரண்டு வருஷம் சாணை மெஷினில் நின்றவன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. ஆறு மாதத்துக்கு முன் சாணைக்கல் ஓடும்போதே வெடித்து, ஒரு சில்லு நெற்றியில் பாய்ந்தது. பிழைத்து வந்தவன் வேறு ஆள். மேனேஜர் முதல் மாமியார் வரை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

இன்று வேலை போனால், மனைவியின் தையல் மெஷின்தான் நாலு வயிற்றுக்கும் கதி.

“கவலைப்படாதேம்மா, நான் இருக்கேன்,” என்று வாசலிலேயே சொல்லியிருந்தார் சங்கத் தலைவர். மூன்று முறை சிறைக்குப் போனவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் அவளோடு கண்விழித்தவர். கூடப் பிறந்தவர்கள்கூட மூன்றாம் நாள் கிளம்பிவிட்டார்கள்.

தலைவர் எழுந்தார்.

“டாக்டர், சாருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அவசரம் வேண்டாம், சாருக்கு மெதுவாத்தான் ஏறும்.”

அவனுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பையிலிருந்து பிளாஸ்டிக் மூளை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“பின்பக்கம், இது பார்வைக்கு. அதுக்குக் கீழே சிறுமூளை. தடுமாறாம நடக்க வைக்கிறது இதுதான். இவருக்கு ரெண்டும் நல்லா இருக்கு.”

“ஞாபகம்?” என்றார் மேனேஜர். “ஞாபகம் பிசகின ஆளை மெஷின் பக்கம் விட முடியாது. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

“அது காதுக்கு நேர் உள்ளே. மூணு தடவை சோதிச்சுட்டேன், ஒரு குறையும் இல்லை. அடிபட்டது நெற்றிக்குப் பின்னால. மனசுல தோணினதுல எதைச் சொல்லலாம், எதை விழுங்கணும்னு பார்க்கிற இடம்.”

“அப்ப இது திமிர் இல்லையே?” என்றார் தலைவர்.

“காயம். கால் ஒடிஞ்சவன் நொண்டற மாதிரி.”

“பொய் சொல்வானா?”

“பொய் சொல்லணும்னா முதல்ல உண்மையை அடக்கணும். இவருக்கு அதுதான் முடியலை.”

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார்.

“கேட்டீங்களா தோழர்களே? இவன் வாயில வர்றது அத்தனையும் நிஜம்! சார், எழுதிக்கோங்க. திருட்டு நாய்ங்கறதையும் சேர்த்து!”

வெளியே கைதட்டல் கூரையைத் தூக்கியது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மேனேஜர் கோபப்படவில்லை. நிதானமாக எழுதி முடித்தார்.

“எழுதிட்டேன் தலைவரே. இப்ப நான் ஒண்ணு கேட்கறேன். சாணைக்கல்லுக்கு மேல இரும்பு மூடி இருந்திருந்தா, இவர் நெற்றிக்கு எதுவும் ஆகியிருக்காது. அன்னிக்கு மூடி இல்லை. ஏம்ப்பா, யார் கழட்டினது?”

அவனே கழற்றினான் என்றது கம்பெனி. வேகமாக வேலை நடக்கக் கம்பெனிதான் கழற்றியது என்றது சங்கம். துண்டறிக்கை போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். ஆறு மாதத்தில் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

“அது இந்த விசாரணையில வராது சார்...” என்று தலைவர் குறுக்கிட்டார்.

“நான்தான் கழட்டினேன்,” என்றான் அவன்.

மேனேஜர் சிரித்தார். அவன் நிறுத்தவில்லை.

“தலைவர் கழட்டச் சொன்னார். மாநாட்டுக்கு இரும்புக் கொடிக்கம்பம் கொண்டு வந்தார். மண்ணுல இறங்கற மாதிரி முனையைக் கூராக்கணும்னார். மூடி இடிச்சுது. ‘ரெண்டு நிமிஷ வேலைடா, கழட்டுடா’ன்னார். வெடிச்சதும் கம்பத்தைத் தூக்கிக்கிட்டுப் பின்வாசல் வழியா ஓடிட்டார். நான் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் கிடந்தேன்.”

மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல் சொல்லி முடித்தான்.

மேனேஜரின் பேனா பாதி எழுத்தில் நின்றது. இதை அவரும் எதிர்பார்க்கவில்லை. ஜன்னலில் ஒரு முகமும் அசையவில்லை.

அவள் எழுந்து தலைவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “பொய்னு சொல்லுங்க அண்ணே.”

தலைவர் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேஜைப் பக்கம் திரும்பினார். குரலில் கொஞ்சமும் நடுக்கம் இல்லை.

“டாக்டர், அந்த ஞாபகம் வைக்கிற இடத்தை இன்னொரு தடவை பாருங்க. அங்கேயும் அடிபட்டிருக்கு.”