பாப்பிரெட்டிப்பட்டி வழி

“இந்த வண்டியில மேப்பை அப்டேட் பண்ணவே மாட்டீங்களா? நாலு வழிச் சாலை போட்டு எத்தினி நாளாச்சு! இது இன்னும் ஊருக்குள்ளாறவே இழுத்துட்டுப் போவுது.”

மலர்விழி எரிந்து விழுந்தாள்.

“பண்ணலாம், பண்ணலாம்” என்றான் கணவன் இளம்பரிதி.

ஞாயிறானால் துணிக்கடைக்குச் சரக்கெடுக்க அரூரிலிருந்து சேலம். ஞாயிறானால் இதே சண்டை.

‘இடது பக்கம் திரும்பவும்’ என்று வண்டியின் திரை சொன்னால் போதும். மறுபேச்சில்லாமல் பாப்பிரெட்டிப்பட்டிக்குள் நுழைந்துவிடுவான். அது அவள் பிறந்த ஊர்.

“நேரா போங்க” என்று அவள் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. வாய்தான் திட்டும், கை தானாகக் கண்ணாடியை இறக்கும்.

அந்த வீடு வரும். வாசலில் அப்பா நஞ்சப்பன் நிற்பார். அவள் விரும்பியவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. ‘அப்பா’ என்ற சொல் தொண்டை வரை வரும். அதற்குள் வண்டி தாண்டிவிடும்.

இன்று அவளைப் பார்த்ததும் நஞ்சப்பன் தோள் துண்டை முகத்துக்குக் கொண்டுபோனவர், சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

சேலம் வரை அழுதாள். போதும். இனிமேல் அந்த வாசலே கண்ணில் படக்கூடாது.

மறுநாள் தர்மபுரி சர்வீஸ் சென்டருக்கு அவளே வண்டியை ஓட்டிப் போனாள்.

“மத்ததெல்லாம் அப்புறம். மொதல்ல மேப்பை அப்டேட் பண்ணுங்க.”

அங்கே வேலை பார்க்கும் சுமலதா திரையைத் தட்டிப் பார்த்தாள்.

“போன சர்வீஸ்லயே பண்ணியாச்சுங்க மேடம். புது ரோடெல்லாம் இருக்குது பாருங்க. சேலம் போற வழியில பாப்பிரெட்டிப்பட்டியை ஒரு ஸ்டாப்பா சேத்து வெச்சிருக்காங்க. அதான் உள்ளாற போவுது. எடுத்துரட்டுங்களா?”

மலர்விழிக்குத் தலைக்கேறியது. போனை எடுத்தாள்.

“வேணும்னேதான் அந்த வழியா கூட்டிட்டுப் போறீங்களா? பெத்தவரே மூஞ்சியத் திருப்பிக்கறாரு. வாராவாரம் நான் அவமானப்படணுமா? இப்பவே அதை எடுக்கச் சொல்றேன்.”

“மலரு… எடுத்துராத.”

“ஏன்?”



“உங்கிட்ட சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். உங்கப்பா ஒருநாள் நம்ம கடைக்கு வந்தாரு. ‘பேசலாம்னா வீம்பு விட மாட்டேங்குது மாப்ளே. வாரத்துக்கு ஒருக்கா எம்பொண்ணை எங்க வூட்டு வழியா கூட்டிட்டுப் போங்க, கண்ணாலயாவது பாத்துக்கறேன்’னு கையைப் புடிச்சிக்கிட்டாரு.”