கம்ப்யூட்டருக்குள் பாகப்பிரிவினை

"சுஜி, இங்க கொஞ்சம் வாம்மா. கம்ப்யூட்டர்ல வேற என்னவோ வந்திருக்கு."

மாமியார் ரத்தினபாயின் குரலைக் கேட்டதும் அடுப்படியில் சுஜி கரண்டியைக் கீழே வைத்தாள். வேறு என்னவோ என்றால் அது அவளுடைய பக்கமாகத்தான் இருக்கும்.

சேலையூரில் அந்த வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர். காலையில் பிரசங்கம் கேட்க ரத்தினபாய்க்கு வேண்டும். சாயங்காலம் டியூஷன் எடுக்க சுஜிக்கு வேண்டும். எழுத்தைச் சின்னதாக்கிவிட்டாள், படத்தை மாற்றிவிட்டார் என்று தினம் ஒரு பஞ்சாயத்து. ஜாய்சன் அம்மாவுக்கும் நல்ல பிள்ளை, பெண்டாட்டிக்கும் நல்ல புருஷன். இரண்டு பக்கமும் தலையாட்டி அலுத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டருக்குள்ளேயே பாகம் பிரித்துவிட்டான். அம்மாவுக்கு விண்டோஸ், சுஜிக்கு லினக்ஸ். ஆன் செய்ததும் ஒரு கறுப்புத் திரையில் எந்தப் பக்கம் வேண்டும் என்று வரிவரியாக வரும். எதையும் தொடாமல் விட்டால் அம்மா பக்கம். கீழ் அம்புக்குறியைத் தட்டினால் சுஜி பக்கம். ஒருத்தர் வைத்தது இன்னொருத்தர் கண்ணில் படாது.

அந்தத் தைரியத்தில்தான் சுஜி கொஞ்ச நாளாக மேடவாக்கத்தில் தனிக்குடித்தனத்துக்கு வீடு தேடிக்கொண்டிருந்தாள். ஜாய்சனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தேடு, பார்த்துக்கலாம் என்றான். அத்தைக்குத் தெரிந்தால் போச்சு. மகனைப் பிரித்துக்கொண்டு போனவள் என்று சபை முழுக்கப் பேர் கெட்டுவிடும்.

கேளம்பாக்கத்து ஆபீசுக்கு அவன் போய்விட்டான். இனி தனியாகத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

ரத்தினபாய் திரையை மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். தூசி துடைக்கும்போது கீபோர்டில் கை பட்டுவிட்டதாம். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வீட்டை விட்டுப் போகணும்னா நேராச் சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன பிடிச்சா வெச்சிருக்கேன்?"

சுஜிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மன்னிச்சிடுங்க அத்தை. மேடவாக்கத்துலதான் பார்த்தேன். கிட்டத்துலதானே, வாராவாரம் வந்துடலாம்னு நினைச்சேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ரத்தினபாய் மெல்லத் திரும்பி அவளையே பார்த்தார். "நீயும் வீடு பாக்கறியா?"

சுஜி திரையை எட்டிப் பார்த்தாள். அத்தையின் தோள் மறைத்தது.

"நம்ம ரெண்டு பேருக்கும் கீழ மூணாவதா ஒரு வரி வருமே, அதைத் தொட்டா எல்லாம் அழிஞ்சிடும்னு ஜாய்சன் சொல்லி வெச்சானே, அதுக்குள்ள போயிட்டேம்மா."

அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டதும் திரை தெரிந்தது. சிங்கப்பூரில், ஒரே ஒருவர் மட்டும் தங்கும் அறை ஒன்று, அடுத்த மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு ஜாய்சன் பெயரில் பதிவாகியிருந்தது.