ஆமை மேடம்

"ஆமை மேடம் ரிப்போர்ட் தர்றதுக்குள்ள பேஷன்ட் போய்ச் சேர்ந்துடுவார், சார்."

யூராலஜி சர்ஜன் இப்படிச் சொன்னதும் மீட்டிங்கில் எல்லாரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரித் தலைவர்கூட மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. நோயாளிகளிடம் எடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே சர்ஜன்தான். அதுவும் அவருக்குத் தெரியும்.

"சிறுநீர்ப்பைக் கட்டி. சுரண்டி அனுப்பி ஒரு வாரமாச்சு. கேட்டா இன்னும் பார்க்கணும்ங்கறாங்க," என்றார் சர்ஜன்.

"புற்றுநோய்தான், சார். ஆனா சாதுவா, முரடா? அதுல பாதியும் இதுல பாதியுமா இருக்கு. தசைக்குள்ள வேற இறங்கியிருக்கோன்னு சந்தேகம். அவசரப்பட்டு இறங்கிடுச்சுன்னு நான் எழுதிட்டா, நீங்க சிறுநீர்ப்பையையே எடுத்துடுவீங்க. அப்புறம் அந்த மனுஷன் ஆயுசுக்கும் வயித்துல ஒரு மூத்திரப் பையை ஒட்டிக்கிட்டு அலையணும்."

"வெளியில ஒரு லேப்ல ரெண்டே நாள்ல தர்றாங்க, சார்," என்றார் சர்ஜன், தலைவரைப் பார்த்து.

"அப்ப சாம்பிள் எல்லாம் இனிமே அங்கேயே போகட்டும்," என்றார் தலைவர். "மேடம், நீங்களும் எத்தனை வருஷம்தான் கண்ணைக் கெடுத்துக்குவீங்க? ரெஸ்ட் எடுங்க."

கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறைதான்.

சாயங்காலம் தன் அறையில் சாமான்களை எடுத்துவைத்தார் டாக்டரம்மா. என்ன பெரிய சாமான், ஒரு ஃபிளாஸ்க்கும் குடையும்தான்.

ஆஸ்பத்திரிக்கு அடியில், ஜன்னல்கூட இல்லாத அறை. எத்தனையோ பேருடைய தலையெழுத்தை இங்கே உட்கார்ந்து படித்திருக்கிறார். ஒருத்தர் முகத்தையும் பார்த்ததில்லை. எதிரே ஒரு ஸ்டூல் உண்டு, பேருக்கு. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் நின்றபடியே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாளைக்கு நான் வராவிட்டால் ஏன் என்று கேட்கக்கூட நாதியில்லை என்று நினைத்தபோது டாக்டரம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தது சர்ஜன். கையில் சின்ன பாட்டில்.

"இதைக் கொஞ்சம் பார்க்கணும், மேடம். சிறுநீர்ப்பைதான். வெளியூர்ல எடுத்தது."

"அந்த லேபுக்கே அனுப்பிடுங்களேன். ரெண்டே நாள்ல வந்துடுமே."

குத்தலாகத்தான் சொன்னார். சர்ஜன் கோபித்துக்கொள்ளவில்லை.

"இல்லை மேடம். இதை நீங்கதான் பார்க்கணும்."

பாட்டிலில் பேர் இல்லை. டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேஷன்ட் யாரு? கூட வீட்டு ஆளுங்க யாராவது வந்திருக்காங்களா?"

சர்ஜன் அந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வீட்டுல நான் இன்னும் சொல்லலை."

டாக்டரம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து அவருக்குக் கொஞ்சம் காபி ஊற்றினார்.

"அவசரம் ஒண்ணுமில்லை," என்றார் சர்ஜன். "நீங்க எப்பவும்போல மெதுவாவே பாருங்க, மேடம்."