போருக்குப் போன வாள்

"கூர் இருந்தா கண்காட்சிக்கு வரும். இல்லேன்னா உங்க சுவரிலேயே தொங்கட்டும்," என்றார் இராஜேந்திரன், வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டே.

கணேசலிங்கம் சுவரிலிருந்து வாளை உறையோடு இறக்கி அவரிடம் நீட்டினார். ஆங்கிலேயக் குதிரைப் படையின் வளைந்த வாள் அது; 1796ஆம் ஆண்டு வடிவம். போன வருடம் ஏலத்தில் எடுத்து, லண்டன் மிச்சம் (Mitcham) பகுதியிலுள்ள தன் வீட்டு முன்னறையில் மாட்டியவர், காற்றுப் பட்டால் கறள் பிடிக்கும் என்று ஒருநாளும் உறையை விட்டு உருவியதில்லை. வாள் சேகரிப்போர் சங்கத்தின் கண்காட்சியில் அது இருக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. ஆனால் போரைக் கண்ட வாளுக்குத்தான் அங்கே இடம். சங்கத் தலைவரோ இந்தச் சிங்கப்பூர்க்கார இராஜேந்திரன்.

"அதென்ன அண்ணை, கூரிலையே எல்லாம் கிடக்கு?"

"ஆமா. பட்டாளத்துல வாளை மழுங்கலாத்தான் கொடுப்பாங்க. சண்டைக்குப் புறப்படச் சொல்லி உத்தரவு வந்தாத்தான் சாணை. கூர் இல்லாதது அணிவகுப்புல மினுக்கின வாள், அவ்வளவுதான்."

தேநீர்த் தட்டோடு வந்த மனைவி ரஜனி கதவடியிலேயே நின்றுவிட்டாள்.

"இப்ப ஏன் அதை இழுக்கிறியள்? தேத்தண்ணி ஆறப்போகுது."

"நீர் சும்மா இரும்! உருவுங்கோ அண்ணை."

சரக்கென்று வாள் வெளியே வந்தது. இராஜேந்திரன் ஒரு காகிதத்தை அதன் வாயில் வைத்து இழுத்தார். காகிதம் இரண்டாய் விழுந்தது. வாளை ஜன்னல் பக்கம் திருப்பியவரின் புருவம் ஏறியது.

"அடேயப்பா! பல்லுப் பல்லா விட்டிருக்கே. எலும்புல இறங்கினாத்தான் இப்படி ஆகும்."

"பாத்தியளே! வோட்டர்லூவிலை பிரெஞ்சுக்காரன்ர எலும்பு!" கணேசலிங்கத்தின் குரல் தெருவுக்கே கேட்டது. "மினுக்கின வாளாம், மினுக்கின வாள்!"

"தோத்துட்டேங்க. நட்ட நடுவுல, கண்ணாடிப் பெட்டியில வைக்கிறோம். போதுமா?"

வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு, கணேசலிங்கம் தானே வோட்டர்லூவை வென்றவர்போல் நெஞ்சை நிமிர்த்திக் அடுப்படிக்குள் நுழைந்தார். முதுகைக் காட்டி நின்ற ரஜனி டெலிபோனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள்.

"மீன்கடைத் தம்பியே? இனி ஐஸ் இறுகின அறக்குளா மீனை நீரே துண்டு போட்டுத் தாரும். நீர் சாணை பிடிச்சுத் தந்த வாளை இவர் கண்காட்சிக்குக் குடுக்கப் போறார்."