குமிழி வராத கருவி

முக்குளிப்பவர் சவரிமுத்துவின் முதுகில் பதினோரு வருஷம் கடலுக்குள் போய்வந்த காற்றுச் சிலிண்டர், அன்று முதல்முறையாகப் படகிலேயே கிடந்தது.

"விட்ட மூச்சையே சுத்தம் பண்ணித் திருப்பிக் கொடுப்பேன். குமிழி வராது, மீனும் மிரளாது" என்று சொல்லிவிட்டுப் புதுக் கருவி அவரோடு இறங்கியது.

நெடுநேரமாயிற்று. "அண்ணன் எந்தப் பக்கம் இருக்காரு?" என்று படகு கேட்டது.

"குமிழி வந்தாத்தானே தெரியும்" என்றது சிலிண்டர். கடல் துணி விரித்ததுபோல் கிடந்தது.

சாயங்காலம் வேறு படகுக்காரர்கள் அவரைத் தேடியெடுத்து வந்து படகில் கிடத்தினார்கள். கருவி இன்னும் அவர் முதுகில்தான் இருந்தது.

"பிராணவாயு குறைஞ்சது எனக்கே தெரியல. அண்ணன் தூங்கிட்டாருன்னு நினைச்சேன்" என்றது.

எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் அவரே நிரப்பிய காற்று, சிலிண்டரின் வயிற்றில் அப்படியே இருந்தது.