டீக்கடைச் சுவரில் புகார்ப் பெட்டி

மதிப்பீட்டு அதிகாரி புகார்ப் பெட்டியைத் திறந்து, வெயிலில் கவிழ்த்துத் தட்டுகிறார். இரண்டு சிகரெட் துண்டுகள் விழுகின்றன. "பாத்தீங்களாக்கா? மூணு மாசமா ஒரு புகார்கூட இல்ல. வீட்டுல பொம்பளைங்கள அடிக்கிறது இங்க சுத்தமா நின்னுடுச்சு," என்று படிவத்தில் பூஜ்யம் போடுகிறார். களப்பணியாளரான எனக்குக் காரணம் தெரியும். இந்தப் பெட்டி மருத்துவமனையின் பெண்கள் கழிப்பறைக்குள் இருந்தவரை மாதம் பத்துக் கடிதமாவது விழும். அங்கே அறிக்கைக்குப் போட்டோ எடுக்க முடியவில்லை என்று இவர்தான் அதைக் கழற்றிவந்து, பொழுதுக்கும் ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இந்த டீக்கடைச் சுவரில் அடித்து மாட்டினார். "இங்க வந்து எவ சார் போடுவா?" என்று அன்றைக்கே கேட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. உள்ளே கடைக்காரரின் மனைவி கிளாஸ் கழுவுகிறாள். கன்றிப்போன மணிக்கட்டில் சோப்பு நுரை வழிகிறது. பழைய இடத்தில் கடைசியாக விழுந்த கடிதம் அவளுடையது. 'மிச்சத்த அடுத்த மாசம் எழுதறேன்' என்று முடித்திருந்தாள். அதிகாரி பெட்டியைப் பூட்டுகிறார். "என்னால அடிக்கடி வர முடியாதுண்ணே. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று கடைக்காரரிடம் நீட்டுகிறார். உள்ளே கிளாஸ் சத்தம் நின்றுபோகிறது. கடைக்காரர் சிரித்தபடி ஈரக் கையைத் துண்டில் துடைக்கிறார். அந்தக் கை நீளுமுன் நான் சாவியைப் பிடுங்கிவிடுகிறேன். அதிகாரி திகைத்துப் பார்க்கிறார். "என்னக்கா, ஒரு சாவிக்குப் போய் இவ்வளவு கோவமா?"