படபடக்கிற நெஞ்சுக்குத் திறக்காது

பில் போட நின்ற ஜெனிபா குனிந்து பார்த்தாள். காலைச் சுற்றிக்கொண்டிருந்த ஆல்வினைக் காணவில்லை. நிமிர்ந்தால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், எதிர்ச்சாரியில் நின்ற கரும்பு ஜூஸ் வண்டியைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறான், நாலு வயது மகன். நடுவில் பஸ் ரோடு.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவு அசையவில்லை.

“தயவுசெய்து அமைதியாக நில்லுங்கள்,” என்றது.

திருடுகிறவருக்கு நெஞ்சு படபடக்கும் என்றுதான் எல்லாக் கடையிலும் இந்தக் கதவை வைத்திருந்தார்கள். படபடப்பு அடங்கினால்தான் வழிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அது நெஞ்சைப் பார்க்காமலே திறந்துவிடும்.

“அண்ணே, திறந்து விடுங்கண்ணே! எம்புள்ள ரோட்டுக்குப் போறான்!” கத்தினாள். வெளியே ஒருவரும் திரும்பவில்லை. அவ்வளவு தடித்த கண்ணாடி.

“எங்கையில ஒண்ணுமில்லம்மா,” என்றார் காவலாளி செல்லத்துரை. அவருக்கும் வியர்த்துக் கொட்டியது. “நான் போலாம்னா எனக்கும் திறக்காது, நெஞ்சு அடிச்சுக்குது. நீ திரும்பி நில்லு. பிள்ளையப் பாக்காத. பாத்தா அடங்காது.”

பெற்றவள் எப்படித் திரும்புவாள்? திரும்பினாள். எதிரே அடுக்கியிருந்த சோப்புக் கட்டிகளை வெறித்தபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். பச்சைச் சோப்பு. மஞ்சள் சோப்பு. மறுபடி பச்சை.

முதுகுக்குப் பின்னால் கதவு விலகியது. ஜூஸ் வண்டியின் சலங்கைச் சத்தமும் ஒரு பஸ்ஸின் ஹாரனும் சேர்ந்து உள்ளே வந்தன.

“திரும்பிராதம்மா, மூடிக்கும்!”

சோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், ஜெனிபா பின்பக்கமாகவே நடந்து மகனிடம் போனாள்.